ஈயச் சுவருக்கு இப்புறம்

அணு உலையில் எரிந்த எரிபொருளின் மறுசெயலாக்கம் என்றால் அமிலமும் கரைப்பானும்தான் என்று வேதியியல் படித்தவர்கள் நினைப்பதுண்டு. நைட்ரிக் அமிலத்தில் கரைத்த எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் டிரைபியூட்டைல் பாஸ்பேட் என்ற கரைப்பான் பிரித்தெடுக்கும். அணுக்கள் பிளந்ததால் உண்டான பிளவுப் பொருள்கள் பெரும்பாலும் அமிலத்திலேயே தங்கிவிடும். டிராம்பேயில் 1964 முதலே நடந்துவரும் முறை இது. ஆனால் கல்பாக்கத்தில் பணியாற்றிய எனக்கு, கையும் கண்ணும் சார்ந்த வேலையாகவே இது பழகிப்போனது.

அங்குள்ள வேக ஈனுலை 1985-இல் இயங்கத் தொடங்கியது. அதன் தொடக்க எரிபொருளில் 70 விழுக்காடு புளூட்டோனியம் கார்பைடு, மீதி யுரேனியம் கார்பைடு. 2003 முதல் இயங்கும் கோரல் என்ற மறுசெயலாக்கக் கூடத்தில், அந்த எரிபொருளை அடைத்த 5.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய குழல்களை, கதிர்வீச்சைத் தடுக்கும் ஈயச் சுவருக்குள் ஒவ்வொன்றாக வெட்டிக் கரைப்போம். டன்னுக்கு 1,55,000 மெகாவாட்-நாள் அளவு ஆற்றல் தரும் வரை எரிந்தவையும் அவற்றில் உண்டு. இத்தகைய எரிபொருளின் கதிர்வீச்சு கரைப்பானைச் சிதைக்கும் என்பதால், எரிபொருள் கரைந்த அமிலமும் கரைப்பானும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தைக் குறைக்க, வேகமாகச் சுழன்று இரண்டையும் பிரிக்கும் மையவிலக்குப் பிரித்தெடுப்பான்களைப் பயன்படுத்துகிறோம்.

வேகமாகச் சுழலும் இயந்திரம் என்றால் என்றாவது அதைக் கழற்றத்தான் வேண்டும். ஈயக்கண்ணாடி ஜன்னல் வழியே உள்ளே எல்லாம் மஞ்சள் பூத்துத் தெரியும். ஒளிவிலகலால் பொருள்கள் இருக்கும் இடத்தைவிட அருகில் இருப்பதுபோல் கண்ணை ஏமாற்றும். போல்ட்டின் மரை நேராக ஏறுகிறதா, கோணலாகப் பிடிக்கிறதா என்பதை வெளியிலிருந்து நாம் இயக்கும் இயந்திரக் கையான மேனிப்புலேட்டரின் பிடியில் உணரும் சிறு தடையிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். வெளியே சில நிமிடங்களில் முடிகிற வேலை, உள்ளே ஒரு ஷிப்டையே விழுங்கிவிடும். ஆகவே கழன்றாலும் கீழே விழாதபடி தகட்டோடு பிணைத்த போல்ட்டுகளையும், அவற்றைத் துளைக்கு வழிநடத்தும் கூம்பு முளைகளையும் வைத்தே பாகங்களை வடிவமைப்போம்.

வடிவமைப்புக் கூட்டங்களில், என் கணிப்பில், ஆய்வறிக்கைகளைவிட மேனிப்புலேட்டர் இயக்குபவர்களின் சொல்லுக்கே எடை அதிகம். "கழட்டிடலாம் சார், ஆனா திரும்ப மாட்ட முடியாது" என்று மூத்த டெக்னீஷியன் ஒருவர் ஒரு வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்தார். கணக்குகள் எல்லாம் சரியாக இருந்த வரைபடம்தான் அது. கதிரியக்கமில்லாத மாதிரி அறையில் அதே பாகத்தை மேனிப்புலேட்டரால் பொருத்திப் பார்த்தபோது, பக்கத்துக் குழாய் கையை மறித்தது. குழாயின் வளைவை மாற்றிய பிறகே அந்தப் பாகம் செய்யக் கொடுக்கப்பட்டது.