மைனஸ் 8 டிகிரியில் லிப்போ: ஒரு குளிர்காலத்தின் அளவீடுகள்

டொராண்டோவுக்கு வடக்கே நாங்கள் மாதிரி விமானம் பறக்கவிடும் வயல், ஜனவரியில் முழுவதும் பனி மூடிக் கிடக்கும். சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சறுக்குக் கட்டைகளைப் பூட்டினால் தரையிறக்கம் கோடையைவிட மென்மையாகவே அமைகிறது. காற்று அடங்கிய காலைப்பொழுது வாய்த்துவிட்டால் பறப்பதற்கு இதைவிட நல்ல பருவம் இல்லை என்றுகூடச் சொல்வேன். இடைஞ்சல் தருவது லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர், பேட்டரி ஒன்றுதான். கோடையில் எட்டு நிமிடம் தாராளமாகப் பறக்கும் விமானம், மைனஸ் 8 டிகிரியில் அதில் பாதி நேரம்கூடப் பறப்பதற்குள், உயரம் ஏறச் சொன்னால் மோட்டாரை அடக்கிக்கொள்கிறது. இது எதனால், எந்த அளவுக்கு, என்ன செய்தால் சரியாகும் என்பதை இந்தக் குளிர்காலத்தில் அளந்து பார்த்தேன்.

விமானம் 1.4 மீட்டர் இறக்கை அகலமுள்ள நுரைப் பயிற்சி விமானம். பேட்டரி மூன்று செல், 2200 மில்லி ஆம்பியர்-மணி. 10 அங்குல புரொப்பெல்லரோடு முழு த்ராட்டிலில் ஏறக்குறைய 25 ஆம்பியர் இழுக்கும். பேட்டரிக்கும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கண்ட்ரோலருக்கும் இடையே ஒரு வாட் மீட்டரை மாட்டி, விமானத்தைத் தரையில் கட்டிவைத்து, சில விநாடிகள் முழு த்ராட்டில் கொடுத்து அளந்தேன். வீட்டுக்குள் 22 டிகிரியில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட்டிலிருந்து 11.9-க்கு இறங்கியது. இரவு முழுவதும் காரின் டிக்கியில் குளிர்ந்து கிடந்த அதே பேட்டரி 10.8-க்குச் சரிந்தது, அதுவும் 23 ஆம்பியருக்கே. சரிந்த வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் அகத்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை, கிடைக்கும்: முதலாவதில் மூன்று செல்லுக்கும் சேர்த்து 28 மில்லி ஓம், இரண்டாவதில் 80-ஐ ஒட்டியது. முப்பது டிகிரி வித்தியாசத்தில் தடை ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, சுமை இல்லாதபோது இரண்டு நிலையிலும் பேட்டரி ஒரே 12.6-ஐத்தான் காட்டியது என்பதே. நாம் வயலுக்குக் கொண்டுபோகும் சிறிய செல் செக்கர் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்று சொல்லும். அந்தச் சார்ஜை எவ்வளவு வேகமாக எடுக்க முடியும் என்று சொல்லாது. குளிர்காலத்தில் எனக்கு அதைவிடப் பயன்பட்ட கருவி, பேட்டரியின் நடுவில் டேப் போட்டு ஒட்டிய ஒரு சாதாரண வெப்பமானி.

பாலிமர் என்று பெயர் இருந்தாலும் இந்தச் செல்களுக்குள் லித்தியம் உப்பு கரைந்த கரிமக் கரைப்பான் இருக்கிறது. குளிரில் அது தடித்து, அயனிகள் நகரும் வேகம் குறைகிறது. கிராஃபைட் அடுக்குகளுக்குள் லித்தியம் புகுவதும் வெளியேறுவதும் மந்தமாகிறது. சார்ஜ் எங்கும் தொலைந்துபோவதில்லை. மோட்டார் அடங்கியதும் இறக்கிய பேட்டரியை வீட்டில் அறை வெப்பத்துக்கு வரவிட்டு அளந்தபோது செல்லுக்கு 3.9 வோல்ட் அளவில் இருந்தது. நிரப்புவதற்கு 800 மில்லி ஆம்பியர்-மணி அளவே தேவைப்பட்டது. அதாவது, பாதிக்கும் மேல் சார்ஜ் உள்ளே இருக்கும்போதே, சுமையில் சரிந்த மின்னழுத்தத்தைப் பார்த்து ஸ்பீடு கண்ட்ரோலர் பேட்டரி தீர்ந்துவிட்டதாக முடிவு செய்திருக்கிறது.

அகத்தடைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 23 ஆம்பியர் ஓடும்போது 80 மில்லி ஓம் தடையில் 40 வாட்டுக்கு மேல் வெப்பமாகப் பேட்டரிக்குள்ளேயே இறங்குகிறது. ஏறக்குறைய 180 கிராம் எடையுள்ள பேட்டரியை அது நிமிடத்துக்குப் பத்து டிகிரிக்கும் மேல் சூடேற்றக்கூடும். எனவே குளிர்ந்த பேட்டரியை மாட்டித் தரையில் சிறிது நேரம் ஓடவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதும்தான், ஆனால் அந்த வெப்பம் நாம் பறப்பதற்காகச் சேர்த்துவைத்த சார்ஜிலிருந்து வருகிறது, அதற்குள் செல்கள் கடுமையாக அடிவாங்கியும் விடுகின்றன. வெளியிலிருந்து சூடேற்றுவதே மலிவு.

கை சூடாக்கும் பொட்டலங்களை முதலில் போட்டுப் பார்த்தேன். அவற்றுக்குள் இருப்பது இரும்புத்தூள். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போதுதான் வெப்பம் வரும். பேட்டரிகளோடு பெட்டிக்குள் வைத்து இறுக மூடினால் சிறிது நேரத்தில் அணைந்துவிடுகின்றன, திறந்து வைத்தால் குளிர் உள்ளே வருகிறது. அதன்பின் மதிய உணவு எடுத்துச் செல்லும் வெப்பக்காப்புப் பெட்டிக்குள், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி, பேட்டரிகளுக்கு நடுவே வைத்தேன். வயலில் திறக்கும்போது பேட்டரிகள் 35 டிகிரிக்குக் குறையாமல் இருக்கின்றன. 40-ஐத் தாண்ட நான் விடுவதில்லை. 60 டிகிரி என்பது லிப்போவுக்கு ஆபத்தான எல்லை. கார் ஹீட்டரின் வாய்க்கு நேரே வைத்துச் சூடாக்குவதை நான் ஏற்கவே மாட்டேன், ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் குளிர்ந்து கிடக்கும். முழுச் சார்ஜோடு சூட்டில் நெடுநேரம் கிடந்தால் செல் விரைவில் மூப்படைந்து உப்பிவிடும் என்பதால் வெந்நீர் ஊற்றுவது வீட்டை விட்டுக் கிளம்பும்போதுதான்.

சூடான பேட்டரியோடு அதே மைனஸ் 8-இல் எழும்பிய விமானம் கோடைக் கணக்குக்கு ஒரு நிமிடம் குறைவாக, ஏழு நிமிடம் பறந்தது. இறங்கியபோது பேட்டரி 30 டிகிரியில் இருந்தது. நுரை உடலே நல்ல வெப்பக்காப்பு. பேட்டரி அறைக்கு வரும் காற்றுத் துளையை மட்டும் டேப் போட்டு மூடினேன். ஸ்பீடு கண்ட்ரோலருக்குப் போகும் துளையைத் திறந்தே விட்டேன். சுக்கான், ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடிப்பு) சோதனைகளுக்குப் பழைய பேட்டரி ஒன்றைப் பயன்படுத்திவிட்டு, நல்லதைப் பறக்கவிடுவதற்குச் சற்றுமுன் பூட்டுகிறேன்.

குறைந்த அந்த ஒரு நிமிடத்துக்கு ஓரளவு காற்றும் காரணம். 22 டிகிரியோடு ஒப்பிட்டால் மைனஸ் 8-இல் காற்றின் அடர்த்தி 11 சதவீதம் கூடுதல். அதே சுழற்சி வேகத்தில் புரொப்பெல்லருக்கு அந்த அளவு கூடுதல் திறன் தேவை. 9 அங்குலப் புரொப்பெல்லரை மாட்டியதில் ஆம்பியர் இறங்கியது, ஆனால் ஈரப்பனியில் கட்டைகள் ஒட்டிக்கொண்ட நாளில் விமானம் கிளம்ப மறுத்ததால் பத்துக்கே திரும்பினேன். எவ்வளவு வேகமாகச் சார்ஜை எடுக்கலாம் என்று உறையில் அச்சிட்ட சி எண்ணை நம்பிப் பேட்டரியைத் தேர்வதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அறை வெப்பத்தில் செல்லுக்கு 15 மில்லி ஓம் தாண்டியவற்றைக் குளிர்காலத்துக்கு எடுப்பதே இல்லை.

சார்ஜ் ஏற்றுவதில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் புகாமல் அதன் மேல் உலோகமாகப் படிகிறது. அந்தப் படிவு கொள்ளளவைக் குறைப்பதோடு, உள்ளே குறுக்குச் சுற்று ஏற்படவும் வழி செய்கிறது. பறந்து முடிந்த பேட்டரிகளை வீட்டில் இரண்டு மணி நேரம் வைத்து, குளிர்ந்த உறையில் படியும் ஈரம் காய்ந்து, வெப்பமானி 20-ஐத் தொட்ட பிறகே சார்ஜரில் பூட்டுகிறேன். மறுநாள் பறக்கும் எண்ணம் இல்லையென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டோடு நிறுத்திவிடுகிறேன்.