கைப்பிடி அரிசி: அக்டோபர் நாட்குறிப்பு

8 அக்டோபர் 2024, செவ்வாய்

ஆபரேஷன் இன்றும் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க அம்மா சாப்பிட்டுவந்த மாத்திரையை நிறுத்தி இன்னும் சில நாள் போகவேண்டுமாம். முறிந்த இடுப்போடு அதுவரை அசையாமல் கிடக்கவேண்டும். 89 வயது உடம்பு.

உள்ளே நுழைந்ததும் கேட்டாள்: "அரிசி எடுத்து வைத்தாயா?"

9 அக்டோபர்

எடுத்து வைத்தேன்.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. வீட்டில் விளக்கு மட்டும் ஏற்றினேன்.

அம்மா பிடியரிசி சேர்க்கும் பழைய மைலோ டின்னைத் திறந்தேன். வண்டு வராமலிருக்க உள்ளே இரண்டு காய்ந்த மிளகாய். மூடி விளிம்பில் துரு. புது டப்பா வாங்கிக் கொடுத்தால் அதையும் யாருக்காவது கொடுத்துவிடுவாள் என்பதால் நான் வாங்குவதில்லை. ஒவ்வொரு வேளையும் அரிசி களைவதற்கு முன் ஒரு பிடி இதற்குள் போகவேண்டும். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில், வீட்டில் கஞ்சி மட்டுமே இருந்த நாட்களிலும் அந்தப் பிடி தவறியதில்லை.

இந்த வார அரிசியைப் பாதி மூன்றாம் மாடிப் பெண்ணுக்குக் கொடுத்தேன். கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள். மீதி கீழ்த்தளத்துச் சீனத் தாத்தாவுக்கு. அவர் பையை வாங்கிக்கொண்டு, அம்மா எங்கே என்று மலாயில் கேட்டார். சொன்னேன். கதவைச் சாத்தாமல் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

1941 டிசம்பர் 11 அன்று ஜப்பான்காரன் பினாங்கின் ஜோர்ஜ்டவுனில் குண்டு போட்டபோது சந்தைக்குப் போன அவருடைய அப்பா திரும்பவில்லை. விமானத்தை வேடிக்கை பார்க்கச் சனங்கள் தெருவில் இறங்கி நின்ற நாள் அது. இவரும் அம்மாவும் இத்தனை வருடமாகப் பேசுவதெல்லாம் மீன் விலையைப் பற்றித்தான்.

13 அக்டோபர், ஞாயிறு

இரவு காய்ச்சல். அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். நான் அவளுக்கு யாராகத் தெரிந்தேனோ.

"கிழங்கு வெந்துவிட்டதா பார், தம்பி அழுகிறான்."

அந்தத் தம்பியை நான் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் காலத்திலேயே கால் வீங்கிச் செத்துப்போனான். பர்மாவிலிருந்தும், இப்போது தாய்லாந்து என்கிற சயாமிலிருந்தும் வந்த அரிசியை நம்பித்தான் மலாயாவே சாப்பிட்டது. கப்பல் நின்றதும் தோட்டமெங்கும் மரவள்ளி நட்டார்கள். அரிசி கொஞ்சம், கிழங்கு நிறைய, உப்புக்கும் தட்டுப்பாடு. ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமரம் போட்ட நோட்டு கத்தை கத்தையாக இருந்தும் வாங்கச் சாமான் இல்லை. கோணிச்சாக்கைப் பாவாடையாகத் தைத்துக் கட்டினார்களாம். தொடை முழுக்கச் சிராய்ப்பு.

1943 இல் தாத்தாவை ரயில்பாதை போடச் சயாமுக்குப் பிடித்துப் போனபோது அம்மாவுக்கு 8 வயது. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று, தோட்டத்து ஆட்களைக் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் சொன்னார்களாம். பாட்டியும் இரண்டு பிள்ளைகளும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், தனியாக. அடுத்த வீட்டு ஆத்தாவின் புருஷனையும் அதே லாரியில்தான் ஏற்றினார்கள். அந்த ஆத்தா தன் பானையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்து, ஓலைத் தடுப்பின் கீழ்வழியாகக் கையை நீட்டுவாள். முகம் பார்த்துக் கொடுத்தால் பாட்டி வாங்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா அந்தக் கையைப் பற்றித்தான் பேசுவாள். பட்டினியைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

14 அக்டோபர்

காய்ச்சல் இறங்கியது. அரை இட்லி.

16 அக்டோபர், புதன்

அண்ணன் கோலாலம்பூரிலிருந்து போன் செய்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவை நல்ல முதியோர் இல்லத்தில் விடலாம், இந்த வீட்டை விற்றுவிடலாம் என்கிறார். "இருக்கிறது இரண்டு பெட்டி. இன்னும் யுத்தகாலத்திலேயே வாழ்கிறாள்" என்றார்.

கை நடுங்கியது எனக்கு. தோட்டத்து ஆயாக்கொட்டகையில், வேலைக்குப் போன ஊரார் பிள்ளைகளைத் தூளியாட்டிச் சம்பாதித்தவள் அம்மா. அந்தப் பணத்தில் நாங்கள் இருவரும் படித்தோம். எங்களோடு லயத்துப் பிள்ளைகள் சிலரும் படித்தார்கள். நான்கு புடவைக்கு மேல் சேர்ந்தால் ஒன்று கைமாறிவிடும். இல்லாததால் அல்ல, போதும் என்பதால். அதைப் பற்றாக்குறை என்று ஒருவரும் சொல்ல நான் விடமாட்டேன், அண்ணனாக இருந்தாலும்.

சாப்பிடவில்லை. தூக்கமும் இல்லை.

17 அக்டோபர், வியாழன்

1943 இல் இதே நாளில்தான் சயாம் பக்கமிருந்தும் பர்மா பக்கமிருந்தும் போட்டுவந்த தண்டவாளங்கள் ஒன்று சேர்ந்தன. 415 கிலோமீட்டர். தாத்தா அதற்கு முன்பே போய்விட்டாரா, பிறகா, காலராவா, மலேரியாவா, எந்த முகாமில் என்று எதுவும் எங்களுக்குத் தெரியாது. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள் ஏறக்குறைய 7,000, வரிசை வரிசையாக, பெரும்பாலானவற்றில் பெயரோடு. பல்லாயிரக்கணக்கில் செத்த நம் சனத்துக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. இப்போது தமிழர்களுக்காக அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. போகலாமா என்று போன வருடம் அம்மாவிடம் கேட்டேன். டிக்கெட் காசு எவ்வளவு என்று விசாரித்தாள். சொன்னதும், அதற்கு எத்தனை மூட்டை அரிசி வரும் என்றாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்க எனக்கு ஆசை. இன்றும் ஆசைதான்.

18 அக்டோபர், வெள்ளி

டின் முக்கால்தான். ஒரு ஆளுக்குச் சமைத்தால் பிடியும் குறைகிறது. கடையில் ஒரு கிலோ வாங்கிச் சேர்த்துக் கொடுத்தேன். அம்மாவிடம் சொன்னேன். "வாங்கிக் கொடுப்பது தர்மம், அது வேறு. உன் சாப்பாட்டிலிருந்து எடு" என்றாள். தெளிவாக, வலியோடு.

20 அக்டோபர், ஞாயிறு

பக்கத்துக் கட்டில்காரரிடம் ஒரு மாணவி ஜானகி தேவரைப் பற்றிப் படித்துக் காட்டினாள். 1943 இல் நேதாஜி பேசியதைக் கேட்டுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர், பிறகு அவருடைய பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். அப்போது வயது 18. அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்கம்மா தோடு உப்புக்குப் போனது" என்றாள். இரண்டும் போகவேண்டிய இடத்துக்குத்தான் போயின என்று எனக்குத் தோன்றுகிறது.

21 அக்டோபர்

அண்ணன் வந்தார். வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ராத்திரி அரிசி களைய வைத்திருந்தேன், டின்னைத் தேடி எடுத்து வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

22 அக்டோபர், செவ்வாய்

நாளைக் காலையில் நடக்கும் முதல் ஆபரேஷன் அம்மாவுக்குத்தான். இந்த வயதில் எழாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார், கையெழுத்துப் போட்டேன். தண்ணீர்கூடக் கூடாது. மூன்றாம் மாடிப் பெண் இரவு என்னோடு தங்குகிறேன் என்று வந்து நிற்கிறாள். அவள் குழந்தையை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். புட்டிப்பால் கலக்கும் அளவை அவருக்கு எழுதி வைக்கவேண்டும்.