காலை 5 மணிக்கு ஒரு நாள் குறைகிறது

மூன்று வாரமாக என்னைப் படுத்திய க்வெரி, அதாவது புறாக்குஞ்சின் வயதைத் தரவுத்தளத்திடம் கேட்கும் கட்டளை, நேற்றுதான் ஒழுங்காக எண்ணத் தொடங்கியது.

தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் 14 ஜோடி ஹோமர் (பந்தயப் புறா) வைத்திருக்கிறேன். முட்டை, குஞ்சு, வளையம் எல்லாக் கணக்கும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில். குஞ்சின் காலில் அடையாள வளையம் போடுவது ஏழாம் நாள். போன மாதம் ஒரு குஞ்சுக்கு ஆறு நாள்தான் ஆகிறது என்று கணக்கு காட்ட, நம்பி விட்டுவிட்டேன். மறுநாள் வீட்டில் விசேஷம், மாடிப் பக்கமே போகவில்லை. அதற்கடுத்த நாள் 8 மில்லிமீட்டர் வளையம் ஏறவே இல்லை.

நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஜூலியன்டே (தேதியை நாள் எண்ணாக்குவது) நவ் (இந்த நேரம்), கழித்தல் பொரித்த தேதியின் ஜூலியன்டே, அதில் தசமத்தை வெட்டி முழு எண்ணாக்கு. விடிகாலையில் தீனி வைக்கும்போது ஆறு என்கிறது, வேலை முடிந்து வந்து பார்த்தால் ஏழு. தசமத்தோடு பார்த்தேன்: காலை 5 மணிக்கு 6.98. சரி, ரவுண்ட் போட்டால் தீர்ந்தது என்று போட்டேன். காலையில் அழகாக ஏழு. சாயங்காலம் 6 மணிக்கு எட்டு!

எஸ்கியூலைட்டுக்கு 'நவ்' என்றால் யூடிசி, அதாவது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும் உலகப் பொது நேரம். நமக்குக் காலை 5.30 ஆனால்தான் அதற்குத் தேதி மாறும். காசிமேட்டில் மீன் ஏலம் போய்க்கொண்டிருக்கும், இதற்கு இன்னும் நேற்றுதான். நம்மூர் நேரத்துக்கு மாற்றும் லோக்கல்டைமைச் சேர்த்துவிட்டு ரவுண்டை அப்படியே வைத்தால் மதியம் 12-க்கு மேல் ஒரு நாள் கூடுகிறது. அந்தக் கூத்தையும் ஆடிப் பார்த்தாயிற்று. கடைசியில், முதலில் லோக்கல்டைமோடு டேட் எடுத்து மணி, நிமிடத்தை வெட்டினேன், அப்புறம்தான் ஜூலியன்டே. இரண்டு பக்கமும் நள்ளிரவு, கழித்தால் முழு நாள். ரவுண்டுக்கு வேலையே இல்லை.

வளையக் கடைக்காரர் வேறு ஒரே எண்ணில் இரண்டு வளையம் தள்ளிவிட்டிருக்கிறார். வளைய எண் பத்தியை யூனிக் (ஒரே எண் இருமுறை வரக் கூடாது) என்று வைத்திருந்ததால் மாட்டினார்.

வியாசர்பாடி மச்சான் தன் கூண்டையும் இதில் சேர்க்கச் சொல்கிறான், அதனால் மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் பக்கம் போனேன். கர்டேட் (இன்றைய தேதி) கழித்தல் 7 என்று போட்டால், 2025 மார்ச் 3 அன்று வந்த விடை 20250296. பிப்ரவரி 96! தேதியை எண்ணாக்கிக் கழித்துவிட்டு, பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்டர்வல் 7 டே என்றுதான் எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற மூன்றாவது தரவுத்தளத்தில் கரன்ட் டேட்டிலிருந்து வெறும் 7 கழித்தாலே ஒழுங்கான தேதி வருகிறது. அதற்கே போய்விடலாமா என்று ஒரு யோசனை.

இதற்குள் ஒன்பதாம் கூட்டில் இரண்டாவது முட்டை விழுந்துவிட்டது. பொரிக்கும் தேதிக்காக 18 நாள் கூட்டும் க்வெரி இன்னும் எழுதவில்லை. இப்போதைக்குச் சுவரில் கரியால் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.