தங்கச்சி கொடுத்த அணுக்களோடு ஒரு குடித்தனம்

ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் (ரத்தத்தை உருவாக்கும் மூல அணு) மாற்று நல்லபடியாக முடிந்து கடலூர் திரும்பிய பிறகுதான் ஜி.வி.எச்.டி. என்றால் என்னவென்று தெரிந்தது: கொடுத்தவரின் அணுக்கள் வாங்கியவரின் உடம்பையே தாக்கும் நோய். எனக்கு ஸ்டெம் செல் கொடுத்தவள் தங்கச்சி. இருவர் திசுவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனையில் முழுப் பொருத்தம்தான். பொருந்தினாலும் அவளுடைய எதிர்ப்பு அணுக்களுக்கு என் உடம்பு அந்நிய இடம். தோல், குடல், ஈரல் என்று எங்கு வேண்டுமானாலும் தாக்கும்.

நம்ம ஊர் வெயிலில் இதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அக்னி நட்சத்திர சமயம், உள்ளங்கையும் காதோரமும் சிவந்து எரிந்தது. "வேர்க்குருதான் தம்பி, நுங்குத் தண்ணியத் தடவு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. வேர்க்குரு உள்ளங்கையில் வராதே என்று அம்மாவுக்குத்தான் உறைத்தது. அன்றைக்கே வேலூர் கிளம்பினோம்.

தோலில் துளி எடுத்து பயாப்ஸி, பிறகு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. தோல் அடங்கியது, சர்க்கரை ஏறியது, தூக்கம் போனது. திருப்பாப்புலியூரில் பார்த்த நண்பன் "நல்லா தேறிட்டியே" என்றான். மாத்திரை ஊதிய முகம் அது!

தங்கச்சியின் அணுக்களை மொத்தமாக அடக்கிவிட வேண்டியதுதானே என்று டாக்டரிடம் கேட்டேன். அடக்கினால் சி.எம்.வி. வைரசும் பூஞ்சையும் உள்ளே வரும். அதோடு, மிச்சமிருக்கும் புற்றணுக்களை வேட்டையாடுவதும் இதே அணுக்கள்தானாம். "கொஞ்சம் கோபம் இருக்கட்டும். வீட்டை உடைக்காம பாத்துக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சிவப்புக்கும் நான் பதறவில்லை. ஆனால் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் மறுநாள்வரை காத்திருப்பதில்லை.

இந்த அணுக்களை அடக்கிவைக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. வழக்கம்போல் வீட்டிலேயே விழுங்கிவிட்டு வந்தால் அளவு தப்பாகக் காட்டும். பம்ளிமாஸ் பழம் தொடவே கூடாது, மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். வெயில் பட்டாலே தோல் மறுபடி கிளம்பும் என்பதால் சில்வர் பீச் பக்கம் பொழுது சாய்ந்த பிறகுதான்.

பல மாதம் கழித்து ஜி.வி.எச்.டி.யின் நாள்பட்ட வகை எட்டிப்பார்த்தது. வாய் வறண்டு மீன்குழம்பு நெருப்பாக எரிந்தது, கண்ணில் மணல் உறுத்தல். ருக்சோலிடினிப் என்ற மாத்திரை ஆரம்பித்த பிறகு குறைந்திருக்கிறது. கண்சொட்டு மருந்து மட்டும் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

மாற்றோடு பழைய தடுப்பூசிகளின் பலன் போய்விடுவதால், இப்போது குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகளை எனக்கு முதலிலிருந்து போடுகிறார்கள். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) மாதிரி உயிருள்ள கிருமி கொண்டவை மட்டும் இன்னும் இல்லை. அதற்கு மாற்று முடிந்து 2 வருடமாவது ஆக வேண்டும், இந்த மாத்திரைகளும் நின்றிருக்க வேண்டும்.