மலை ஏறுனா மட்டும் கொதிக்குற வேன்

மேட்டுப்பாளையத்துல இருந்து கல்லாறு வரைக்கும் வேன்ல இன்ஜின் சூடு காட்டுற முள்ளு அசையாது, பர்லியார் தாண்டி செகண்ட் கியர்ல இழுக்க ஆரம்பிச்சா சர்ர்ருன்னு சிவப்புக்கு போயிரும். தெர்மோஸ்டாட்ட, அதான் சூடானா தொறந்து ரேடியேட்டருக்கு தண்ணிய விடுற வால்வ, கழட்டி வீசுன்னு ஆளாளுக்கு சொன்னாங்க, வெந்நீர்ல போட்டுப் பாத்தேன், அழகா தொறக்குது, அப்புறம் எதுக்கு வீசணும்? எனக்கு ரேடியேட்டர் மூடி மேலதான் சந்தேகம். மேல போகப்போக தண்ணி சீக்கிரமே கொதிக்கும், ஊட்டி 2,240 மீட்டர் உயரத்துல 92, 93 டிகிரியே போதும், மூடி பிரஷர புடிச்சு வச்சாத்தான் தாங்கும், இதுல உள்ள ரப்பரு கருவாடு மாதிரி காஞ்சு வெடிச்சு கெடக்கு, தண்ணியெல்லாம் ஓவர்ஃப்ளோ பைப்புல பொங்கி போயிருக்கு. புது மூடி போட்டாச்சு, குன்னூர் வரைக்கும் முள்ளு நடுவுலயே நிக்குது. ஃபேன் பெல்ட்டும் கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கு, ஞாயித்துக்கெழம அதையும் பாக்கணும். யாராச்சும் சும்மா இருந்தா வாங்கப்பா, டீ நம்ம கணக்கு.