யாளிக்கு எத்தனை டிகிரி சூடு

பாலிமர் க்ளேயில் யாளி, மனித முகமும் மிருக உடம்புமான புருஷாமிருகம், இரட்டைத் தலைப் பறவையான கண்டபேரண்டம், அப்புறம் எந்தப் புராணத்திலும் இல்லாத கொழுகொழு குட்டி ஜந்துகள் என்று செய்து, கையாலேயே பெயிண்ட் அடித்து விற்கிறேன். சேலத்தில் எங்கள் வீட்டு மாடி அறைதான் பட்டறை. எப்படிச் செய்வது, எங்கே விற்பது என்று கேட்டு நிறையப் பேர் மெசேஜ் அனுப்புகிறார்கள். ஆளுக்கொரு துண்டாகப் பதில் சொல்வதைவிட நடந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று இது. உருவம் பிடிப்பது கை பழகினால் வந்துவிடும். அதைச் சரியாக வேகவைப்பதும், வெந்ததற்கு வாய் கூசாமல் விலை சொல்வதும்தான் எனக்கு நாள் பிடித்தன.

முதலில் பிடித்துக்கொண்டது யாளிதான். தாரமங்கலம் எங்களுக்குப் பக்கம், அங்கே கைலாசநாதர் கோயிலில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கும், விரலை விட்டு உருட்டலாம், பல்லைத் தாண்டி வெளியே மட்டும் வராது. அதை உள்ளங்கை அளவில் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை. காற்றில் உலரும் க்ளே சரிப்படவில்லை. அதிலுள்ள தண்ணீர் வற்றவற்ற உருவம் சுருங்கும், உள்ளே இருக்கிற கம்பி சுருங்காது, அதனால் கழுத்திலும் கால் மூட்டிலும் விரிசல் விட்டுக்கொண்டே இருக்கும். அடைத்து அடைத்து அலுத்த பிறகுதான் பாலிமர் க்ளே பக்கம் வந்தேன்.

பெயரில்தான் க்ளே. அடிப்படையில் இது பிவிசி பிளாஸ்டிக் தூள், அதை இளக்கமாக வைத்திருக்க ஒரு பிளாஸ்டிசைசர், நிறத்துக்கு நிறமி. காற்றில் உலராது, சூடு பட்டால்தான் இறுகும். ஃபிமோ என்ற பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். ஜெர்மனியில் பொம்மைகளுக்குப் பேர்போன கேத்தே க்ரூஸேயின் மகள், வீட்டில் ஃபிஃபி என்று கூப்பிடுவார்களாம், அவர் வைத்திருந்த சரக்கு இது, 1964இல் எபர்ஹார்ட் ஃபாபர் கம்பெனிக்குக் கைமாறி ஃபிமோ ஆனது. நான் உடம்புக்கு சூப்பர் ஸ்கல்ப்பி என்ற இன்னொரு பிராண்டும், கொம்பு, தும்பிக்கை, வால் மாதிரி மெல்லிய பாகங்களுக்கு ஃபிமோ அல்லது பிரீமோவும் (ஸ்கல்ப்பியில் ஒரு வகை) எடுக்கிறேன். சூப்பர் ஸ்கல்ப்பி பிசைய மெத்தென்று இருக்கும், நுணுக்கமான செதில் வேலைக்கு நன்றாக வளையும்.

க்ளே வாங்குவதை மார்கழி, தை மாதங்களில் முடித்துக்கொள்வது நல்லது. இது சொல்லித்தான் ஆக வேண்டிய விஷயம், ஏனென்றால் வெளிநாட்டு வீடியோக்களில் யாரும் சொல்வதில்லை. சித்திரை வெயிலில் டெலிவரி வண்டிக்குள் கிடந்து வருகிற கட்டி பாதி இறுகியே வந்து சேரும், பிசைந்தால் புட்டு மாதிரி உதிரும். கொஞ்சம் இறுகியதைத் துளி பேபி ஆயில் விட்டுப் பிசைந்து மீட்கலாம், ரொம்ப இறுகியதை ஒன்றும் செய்ய முடியாது. கோடையில் என் சரக்கு எல்லாம் மாடியிலிருந்து கீழே இறங்கி, பூஜை அறை ஷெல்ஃபின் அடித்தட்டுக்குப் போய்விடும். போடுகிற டப்பாவையும் பார்க்க வேண்டும்: அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் சரி. வேகாத க்ளே பட்டால் சில பிளாஸ்டிக்குகள் இளகி ஒட்டிக்கொள்ளும், தெர்மாகோலைக் கேட்கவே வேண்டாம். வார்னிஷ் அடித்த மேஜைமேலும் வைக்காதீர்கள்.

இனி ஓவன். ஃபிமோ பாக்கெட்டில் 110 டிகிரி என்று இருக்கும், ஸ்கல்ப்பி வகைகளில் 130ஐ ஒட்டி இருக்கும், நேரம் பொதுவாக ஆறு மில்லிமீட்டர் கனத்துக்கு அரை மணி என்று கணக்கு. படிக்க எளிது. ஆனால் நம் வீட்டு ஓடிஜி என்கிற சின்ன கரண்ட் ஓவனில் குமிழை 130இல் திருப்பி வைத்தால் உள்ளே 130 இருக்கிறது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. முந்நூறு, நானூறு ரூபாய்க்கு உள்ளே தொங்கவிடுகிற ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தேன். ராடு சிவக்கும்போது முள் 155ஐத் தொடுகிறது, அணைந்த பிறகு 110க்கு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. இதில் மாலை நேரத்து லோ வோல்டேஜ் வேறு. வீடு கட்டியபோது மிஞ்சிய தரை டைல்ஸ் இரண்டை அடியில் போட்டு, அது நன்றாகச் சூடேறும்வரை முக்கால் மணி நேரம் வெறும் ஓவனை ஓட விட்ட பிறகு ஆட்டம் வெகுவாகக் குறைந்தது. மேல் ராடுக்குப் பக்கத்தில் நிற்கிற கொம்பும் காதும்தான் முதலில் பழுப்பேறும், ஆகவே பொம்மை மேல் படாமல் அலுமினியம் ஃபாயிலைக் கூடாரமாகக் கவிழ்த்துவிட வேண்டும். தொங்குகிற வால், நீட்டிய கால் எல்லாம் சூட்டில் முதலில் தொய்ந்து, பிறகுதான் இறுகும். அவற்றுக்கு அடியில் சோள மாவைக் குவித்து முட்டுக் கொடுப்பேன்.

எல்லோரும் கருகிவிடுமோ என்று பயந்து சீக்கிரம் எடுத்துவிடுகிறார்கள். உடைவது பெரும்பாலும் அப்படி எடுத்த பொம்மைதான். சரியான சூட்டில் முழு நேரம் வெந்த தும்பிக்கை, ஆறிய பிறகு லேசாக வளைத்தால் வளைந்து நிமிரும். அரைவேக்காடு என்றால் படக்கென்று ஒடியும். நேரம் கூடினால் பரவாயில்லை, சூடுதான் கூடக் கூடாது. நடுவில் கரண்ட் போனாலும் கவலை இல்லை, வந்த பிறகு மறுபடி வைத்து முழு நேரமும் வேகவைத்துக்கொள்ளலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். ஆனால் சூடு எல்லை மீறிப் புகை வந்தால் உடனே அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். அதே காரணத்துக்காகத்தான் என் ஓடிஜி மாடியில் தனியாக இருக்கிறது, அதில் கேக் பிஸ்கட் எதுவும் செய்வதில்லை.

உருவத்துக்கு வருகிறேன். உள்ளே ஃபாயிலை இறுக்கிக் கசக்கி, சுத்தியலால் தட்டிக் கெட்டியாக்கிய கரு, அதிலிருந்து கால், கழுத்து, வாலுக்குக் கம்பி, கம்பி சேரும் இடத்தில் எம்சீல். முழுக்க க்ளேயாலேயே செய்தால் காசும் வீண், உள்வரை சூடும் போகாது. சின்னக் கருவிகளுக்கு ஆன்லைனில் தேட வேண்டாம். செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்காரர்கள் வாங்குகிற கடைகளில் சாமணம், ஊசிமுனை அரம் எல்லாம் கிடைக்கும், என் சாமணம் அங்கே வாங்கியதுதான். செதில் போட பால்பாயின்ட் பேனா மூடியைப் பாதியாக வெட்டி வைத்திருக்கிறேன்.

கண்தான் ஒரு ஜந்துவுக்கு உயிர். ஆறு மில்லிமீட்டர் கண்ணாடி அரைக்கோளங்கள் பாக்கெட்டாகக் கிடைக்கும். அதன் தட்டையான பின்பக்கத்தில், முதலில் மெல்லிய பிரஷ்ஷால் கறுப்பில் ஒரு நெட்டுக்கோடு, அது காய்ந்ததும் அதைச் சுற்றிப் பொன்னிறம், அதற்கும் மேல் ஓரத்தில் அரக்கு. வழக்கமாக வரைவதற்கு நேர்த் தலைகீழ் வரிசை, ஏனென்றால் பார்ப்பவர் கண்ணாடி வழியாக எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறார். காய்ந்த பிறகு வேகாத க்ளே முகத்தில் குழி செய்து அழுத்தி, மெல்லிய பட்டையாக இமையை இழுத்துவிட வேண்டும். கண்ணாடியும் அக்ரிலிக் பெயிண்டும் இந்தச் சூட்டைத் தாங்கும். மேல் இமையை அரை மில்லிமீட்டர் இறக்கினால் உக்கிரமான யாளி தூக்கக் கலக்கத்துக்கு வந்துவிடும். கோயில் யாளி மாதிரி உருட்டி விழிக்கிறதைச் செய்வதில்தான் எனக்கு இஷ்டம், ஆனால் வேகமாக விற்றுப் போவது என்னவோ தூங்குமூஞ்சி யாளிதான்.

வாயில் உருளும் பந்துக்கு வழி, மறுபடி வேகவைக்கலாம் என்கிற அந்தக் குணத்தில் இருக்கிறது. பந்தை முதலில் தனியாக வேகவைத்து, சோள மாவில் புரட்டி வேகாத வாய்க்குள் வைத்து, பற்களை அதற்கு வெளியே நட்டு, இரண்டாம் முறை ஓவனுக்குள். மாவு தடவாவிட்டால் நாக்கோடு ஒட்டிக்கொள்ளும். வெந்து ஆறிய பிறகு குலுக்கினால் கடகடவென்று சத்தம். பெரியவர்களே வாங்கிய கையோடு அதைத்தான் செய்கிறார்கள்.

பெயிண்டுக்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து ஒரு துடை, கைரேகை எண்ணெய் போக. வேகும் முன்பே அதே ஆல்கஹாலால் பிரஷ்ஷை நனைத்துத் தடவினால் விரல் தடம் மழுங்கும், ஆகவே உப்புத்தாள் வேலை பாதி மிச்சம். அப்புறம் அடிநிறம், அது காய்ந்ததும் நீர்த்த கரும்பழுப்பை மொத்தமாகப் பூசி உடனே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். மேடு சுத்தமாகி, செதில் இடுக்கிலும் பிடரி மடிப்பிலும் மட்டும் கருமை தங்கும், அந்த ஒரு நிமிஷத்தில் பிளாஸ்டிக் பளபளப்பு போய்க் கல் தூணின் பழமை வந்துவிடும். கடைசியில் ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் வெளிர்நிறம். வார்னிஷ் தண்ணீரில் கரைகிற வகையாக இருக்கட்டும். ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே வார்னிஷ், நெயில் பாலிஷ் இரண்டும் இந்தப் பிளாஸ்டிசைசரோடு சேர்ந்து, வாரக்கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கலாம், அதில் தூசி படிந்தால் அவ்வளவுதான்.

விற்பனை. ஆரம்பத்தில் ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் போட விசாரித்தேன், அப்போது அங்கே ஒரே ஒரு பொம்மை விற்கவும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து, ஆண்டு விற்பனை வரம்புக்குள் இருக்கிற சின்ன வியாபாரிகள் பதிவு இல்லாமல் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டு மாநிலத்துக்குள் அப்படி விற்கலாம் என்று மாற்றினார்கள். போட்டுப் பார்த்தேன், கமிஷனும் ரிட்டர்னும் சேர்ந்து கட்டுப்படியாகவில்லை. கொம்பை ஒடித்துவிட்டு "பொருள் சேதம்" என்று திருப்பி அனுப்புகிறவரோடு யார் மல்லுக்கட்டுவது? இன்ஸ்டாகிராமும், கொலு சமயத்து ஸ்டாலும் போதும் என்று விட்டுவிட்டேன்.

கொலு ஸ்டாலில்தான் உண்மையான பரீட்சை. சுற்றிலும் களிமண் பொம்மையும் காகிதக்கூழ் பொம்மையும், நடுவில் நான். ஒரு அம்மா யாளியைத் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணு, இது மண்ணா?"

"இல்லைங்கம்மா, ஒரு வகை பிளாஸ்டிக்குங்க. ஓவன்ல வேகவச்சது."

"பிளாஸ்டிக்குக்கா மூவாயிரத்து இருநூறு?"

"பிளாஸ்டிக்குக்கு முந்நூறுதாங்கம்மா, மீதி என் கைக்கு."

அவர் சிரித்துவிட்டு நானூற்றைம்பது ரூபாய்க் குட்டி ஜந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். டெரகோட்டா என்றோ, இயற்கைப் பொருள் என்றோ சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. சதுர்த்திக்கு விநாயகர் கேட்டாலும் செய்வதில்லை, இது தண்ணீரில் கரையாது, ஆற்றில் போட்டால் அப்படியே கிடக்கும். வீட்டில் நிரந்தரமாக வைக்க என்றால் சரி.

விலைக்கு என் கணக்கு எளிது: க்ளே, கண், பெயிண்ட், பேக்கிங் செலவு, அதோடு உட்கார்ந்த நேரத்துக்கு ஒரு நல்ல டெய்லர் வாங்குகிற கூலி. ஒரு யாளிக்கு இரண்டு நாள் உட்கார வேண்டும், குட்டிகள் ஒரே தட்டில் பத்துப் பன்னிரண்டு வேகும். குட்டிகள்தான் வீட்டுச் செலவுக்கு, யாளி என் திருப்திக்கு. பேரம் பேசினால் விலையைக் குறைப்பதில்லை, வேண்டுமானால் வாயில் பந்து இல்லாத யாளியைக் காட்டுவேன். தனி ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்கூட்டியே ஜிபே. கார்ட்டூன் கம்பெனிகளின் ஜந்துகளைச் செய்து தரச் சொல்லி வாரத்துக்கு ஒருவராவது கேட்பார், வேறொருவர் உரிமை அது, மாட்டேன் என்றுவிடுவேன்.

அனுப்புவது தனிக் கலை. பபுள் ராப்பைக் கொம்பு மேல் இறுக்கிச் சுற்றினால், அடி எதுவும் படாமலே அந்த இறுக்கத்திலேயே ஒடியும். கொம்பைச் சுற்றி டிஷ்யூவைத் தளர்வாகத் திணித்து, உடம்பை மட்டும் பபுள் ராப்பில் கட்டி, சின்னப் பெட்டியை நாலு பக்கமும் இடைவெளி விட்டுப் பெரிய பெட்டிக்குள் வைக்கிறேன். நீண்ட வாலை இப்போது கழற்றி மாட்டுகிற மாதிரி, மூன்று மில்லிமீட்டர் காந்தம் வைத்துச் செய்கிறேன். அந்தக் காந்தத்தை ஓவனுக்குள் விடக் கூடாது, சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலு இழந்துவிடும். குழியை மட்டும் வேகவைத்து, ஆறிய பிறகு ஃபெவிக்விக்கில் ஒட்ட வேண்டும், அதுவும் ஒட்டும் முன் எந்தப் பக்கம் எதை இழுக்கிறது என்று மார்க்கரால் குறித்துக்கொண்டு.

ஆடி பிறந்ததும் தனி ஆர்டரை நிறுத்திவிடுவேன், கொலுவுக்குச் சரக்கு சேர்க்க வேண்டும். இந்த வருஷம் குட்டிகளோடு ஒரு ஜோடி யாளி, வாசல் தூண் போல இரண்டு பக்கமும் நிற்கிற அளவில், படிக்குப் பொருந்துமாறு அரை அடி உயரத்தில். விலை இன்னும் முடிவு செய்யவில்லை. கேட்டு வைத்தவர்களுக்கு ஆவணியில் படம் அனுப்புகிறேன்.