பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

"கை அடங்கவே மாட்டேங்குது, எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை" என்று சொல்லாத ஆளை இப்போது பார்ப்பதே அரிதாகிவிட்டது. ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் அடி தட்டும் வரை கை நிற்பதில்லை, அப்புறம் ராத்திரி முழுக்கக் குற்ற உணர்ச்சி, மறுநாள் காலையில் பட்டினி, மதியம் அதற்கும் சேர்த்து ஒரு பிடி. இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டு தவிக்கும் நண்பர்களும் உறவுக்காரர்களும் எனக்கு நிறைய. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் தங்களையே திட்டிக்கொள்வதில் பெரும்பகுதி நியாயமில்லாதது. நிறுத்த முடியாமல் தின்னும்படியான ஒரு பொருளைத் தயாரித்து விற்றுவிட்டு, நிறுத்தாதது உன் குற்றம் என்று நம் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

இது வெறும் கோபப் பேச்சு இல்லை. 2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 20 பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் முழுக்க ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு என்று மாற்றிக் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். எவ்வளவு வேண்டுமோ சாப்பிடுங்கள், போதும் என்றால் வைத்துவிடுங்கள் என்பது மட்டும்தான் விதி. ஆலை உணவு கொடுத்த நாட்களில் அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடினார்கள். சமைத்த உணவுக்கு மாறியதும் கிட்டத்தட்ட அதே ஒரு கிலோ குறைந்தது. ஆட்கள் அவர்களேதான், அவர்களுடைய கட்டுப்பாடும் அதேதான், மாறியது சாப்பாடு மட்டும். 20 பேர், நான்கு வாரம் என்பது சின்னச் சோதனைதான், ஆனால் இவ்வளவு கண்காணிப்போடு நடந்த உணவு ஆய்வுகள் மிகக் குறைவு என்பதால் நான் இதை முக்கியமாக நினைக்கிறேன்.

ஏன் அப்படி ஆகிறது? அந்தச் சோதனையிலேயே ஒரு விடை கண்ணில் பட்டது. ஆலை உணவை எல்லோரும் வேகமாகச் சாப்பிட்டார்கள். ஒரு சிப்ஸை வாயில் போட்டுக் கவனித்துப் பாருங்கள். முதலில் ஒரு நொறுக், பல்லுக்கு இரண்டு நொடி வேலை, அதற்குள் நாக்கில் கரைந்து உப்பும் எண்ணெயும் மட்டும் தங்கும், கை தானாக அடுத்ததற்குப் போகும். அதே அளவு உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோலோடு சாப்பிட்டால் மென்று விழுங்கவே நேரம் பிடிக்கிறது, நான்கு வாயிலேயே வயிறு கனக்கிறது. வயிறு விரிவதும் குடலில் சுரக்கும் ஹார்மோன்களும் சேர்ந்துதான் போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன, அது உடனே போய்ச் சேர்வதில்லை. மெல்லாமல், நாரில்லாமல், தண்ணீர் வற்றிப்போய், ஒரு கைப்பிடியில் ஏகப்பட்ட கலோரியை அடைத்து வரும் உணவு அந்தச் செய்தி கிளம்புவதற்குள் உள்ளே போய்விடுகிறது. அதோடு கொழுப்பும் மாவுச்சத்தும் உப்பும் ஒன்றாகச் சேர்ந்து வரும் கலவையை இயற்கையில் தேடினால் கிடைப்பது கஷ்டம், பாக்கெட்டில் அது சாதாரணம்.

இந்த வகை உணவைத் தனியாகப் பிரித்துப் பேச ஆரம்பித்தவர் பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொண்டெய்ரோ. 2009-இல் அவர் முன்வைத்த யோசனை, உணவை அதிலுள்ள சத்தை வைத்து மட்டும் பார்க்காமல் அதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்பதை வைத்தும் பார்க்க வேண்டும் என்பது. அதிலிருந்து வளர்ந்ததுதான் நோவா என்ற நான்கு பிரிவு வகைப்பாடு. கடைசிப் பிரிவுதான் இன்று எல்லோரும் பேசும் மீச்செயலாக்க உணவு: வீட்டு அடுக்களையில் இல்லாத பொருட்களான மாற்றியமைத்த ஸ்டார்ச், தனியாகப் பிரித்தெடுத்த புரதம், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் குழம்பாக்கிகள், செயற்கை வாசனை, நிறம் எல்லாம் சேர்த்துச் செய்வது. இந்த வகைப்பாட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. முழுத்தானிய ரொட்டியும் கலர் சோடாவும் சில நேரம் ஒரே பெட்டிக்குள் போய்விடுகின்றன, இரண்டும் உடம்புக்கு ஒன்றல்ல. அதனால் பாக்கெட் என்றாலே விஷம் என்று நான் சொல்லமாட்டேன். உறைய வைத்த பட்டாணியும் பாக்கெட்தான், அதில் பட்டாணி மட்டும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

அதற்குத்தான் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். முன்பக்கம் விளம்பரத்துக்கு விட்ட இடம். வயல், சூரியன், சிரிக்கும் குழந்தை, "இயற்கை", "நார்ச்சத்து நிறைந்தது", "கொழுப்பு குறைவு" என்று எல்லாம் அங்கேதான் இருக்கும். பின்பக்கத்தில், பெரும்பாலும் மடிப்பு ஓரத்தில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில் இருப்பதுதான் உண்மையான உணவு. பெரும்பாலான நாடுகளில் சேர்மானப் பட்டியலை எடை வரிசையில் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதிகம் எதுவோ அது முதலில். "பலதானிய பிஸ்கட்" என்று முன்னால் எழுதியிருக்கும், பட்டியலில் முதலில் மைதா, இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது எண்ணெய், ஓட்ஸ் எங்கோ கடைசியில் 2 சதவீதம் என்று இருந்தால் நீங்கள் வாங்குவது மைதா பிஸ்கட்தான். சர்க்கரை இரண்டாவது இடத்துக்கு வராமலிருக்க இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள்: கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் குளுக்கோஸ் சிரப், கொஞ்சம் டெக்ஸ்ட்ரோஸ், கொஞ்சம் பழச்சாற்று அடர்கரைசல் என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்த்தால் எல்லாம் சர்க்கரைதான்.

அடுத்த பெரிய குழப்பம் "ஒரு பரிமாறலுக்கு" என்ற வார்த்தை. ஒரு பரிமாறல் 30 கிராம், அதில் 9 கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கும். படித்ததும் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் கையில் இருப்பது 120 கிராம் பாக்கெட், அதை ஒரே மூச்சில் முடிப்பதுதான் வழக்கம் என்றால் உள்ளே போனது 36 கிராம், அதாவது ஒன்பது டீஸ்பூன். அதனால் பரிமாறல் கணக்கை விட்டுவிட்டு 100 கிராமுக்கு எவ்வளவு என்ற வரிசையைப் பாருங்கள். இரண்டு பொருட்களை ஒப்பிட அது ஒன்றுதான் நேர்மையான வழி.

எவ்வளவுதான் சாப்பிடலாம் என்றால், உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு இது: ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள் சர்க்கரை, முடிந்தால் 5 சதவீதத்துக்குள். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இது 50 கிராம், நல்லது 25 கிராம். முழுப் பழத்திலும் பாலிலும் உள்ள சர்க்கரை இந்தக் கணக்கில் வராது, ஆனால் தேனும் பழச்சாறும் வரும், இது பலருக்குத் தெரிவதில்லை. வழக்கமான குளிர்பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். 330 மில்லி டின் ஒன்றைத் திறந்தால் அந்த நாளின் நல்ல அளவு அப்போதே தாண்டிவிட்டது. மெல்ல வேண்டியதே இல்லாததால் வயிற்றுக்கும் ஏதோ வந்தது என்று தெரியாது, பிறகு சாப்பாட்டையும் குறைக்கமாட்டோம். ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்ய முடியும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான், இனிப்பான பானத்தை நிறுத்துங்கள். அதற்குப் பதில் டயட் பானம் குடிக்கலாமா என்று கேட்பார்கள். எடையைக் கட்டுப்படுத்த செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023-இல் உலக சுகாதார அமைப்பே சொல்லிவிட்டது. தண்ணீர் குடியுங்கள்.

உப்பு விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் நாக்குக்கே தெரியாது. பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது பரிந்துரை, உலகச் சராசரி அதைப்போல இரண்டு மடங்கு. ரொட்டியிலும் சாஸிலும் உடனடி நூடுல்ஸிலும் இருக்கும் உப்பு, மேலே தூவிய உப்பைப் போல உறைக்காது. லேபிளில் உப்பு என்று இல்லாமல் சோடியம் என்று இருந்தால் 2.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், உப்பின் அளவு வந்துவிடும்.

சரி, கலப்படத்துக்கு வருவோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு முறையாவது பிளாஸ்டிக் அரிசி வீடியோ வந்துவிடும். சோற்றை உருண்டை பிடித்துத் தரையில் அடிக்கிறார்கள், துள்ளுகிறது, பாருங்கள் பிளாஸ்டிக் என்கிறார்கள். வெந்த ஸ்டார்ச் ஒட்டும் தன்மை உள்ளது, அழுத்திப் பிடித்த உருண்டை துள்ளத்தான் செய்யும், எந்த நல்ல அரிசியும் அப்படித்தான். இந்த வீடியோக்கள் மேல் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு, ஏனென்றால் நிஜமான கலப்படம் இவ்வளவு எளிதாக மாட்டாது. 2008-இல் சீனாவில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பாலில் தண்ணீர் கலந்தார்கள், கலந்தால் புரதம் குறையும், சோதனையில் மாட்டிவிடும். ஆனால் அந்தச் சோதனை புரதத்தை நேரடியாக அளக்கவில்லை, நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணக்கிட்டது. அதனால் நைட்ரஜன் ஏராளமாக உள்ள மெலமைன் என்ற ரசாயனத்தைப் போட்டார்கள். சோதனையில் பால் தேறிவிட்டது. அந்தப் பால் மாவு குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது, ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். எந்தத் தாயும் தன் அடுக்களையில் நெருப்பில் காட்டியோ தண்ணீரில் போட்டோ இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. இதற்கு ஆய்வகம் வேண்டும், அதிகாரம் உள்ள அதிகாரிகள் வேண்டும், சோதனை முடிவுகளைப் பொதுவில் வைக்கும் அரசு வேண்டும். வீடியோவை அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும்போது அந்தக் கோரிக்கை அப்படியே அமுங்கிப்போகிறது.

நிறத்துக்கும் ரசாயனத்துக்கும் பயப்படுகிற நாம் கிருமிக்குப் பயப்படுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கெட்டுப்போன, மாசுபட்ட உணவால் உலகத்தில் வருஷத்துக்கு 60 கோடிப் பேர் நோய்வாய்ப்படுகிறார்கள், 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்று 2015-இல் உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டது. இதில் பெரும்பகுதி கிருமி. சமைத்த சோற்றையோ பாஸ்தாவையோ மணிக்கணக்கில் வெளியே வைத்துவிட்டு, சூடு பண்ணிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அதில் பெருகி வாந்தி உண்டாக்கும் ஒரு நச்சை விடும். பாக்டீரியா சூட்டில் செத்தாலும் அந்த நச்சு அழியாது. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டால் பயமில்லை, அகலமான பாத்திரத்தில் பரப்பி வைத்தால் சீக்கிரம் ஆறும்.

வீட்டிலேயே சமையுங்கள் என்று அறிவுரை சொல்வது சுலபம். யார் சமைப்பது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. பாக்கெட் உணவு இவ்வளவு பரவியதற்கு ருசி மட்டும் காரணமில்லை, வேலைக்குப் போய்விட்டு வந்து அடுப்படியில் தனியாக நிற்கும் ஒருத்திக்கு அது அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தியது. அந்த அரை மணி நேரத்தைத் திருப்பிக் கேட்கிறவர்கள் முதலில் காய் நறுக்கக் கற்றுக்கொள்ளட்டும், பாத்திரம் கழுவட்டும். இதில் நான் கறாராகத்தான் இருக்கிறேன். ஆரோக்கியம் என்ற பெயரில் வீட்டுப் பெண்கள் மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது. பணமும் அப்படித்தான், காயும் பழமும் பருப்பும் பிஸ்கட்டைவிட விலை அதிகமாக இருக்கும் இடத்தில் ஏழைக் குடும்பத்துக்கு உபதேசம் செய்வது கொடுமை.

அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். 2016-இல் சிலி நாட்டில் சர்க்கரையோ உப்போ கலோரியோ அளவுக்கு மீறியிருந்தால் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை போட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அந்தப் பொருட்களைப் பள்ளிக்கூடங்களில் விற்கக்கூடாது, குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன் உருவங்களை அவற்றில் போடக்கூடாது என்றும் சேர்த்தார்கள். சட்டம் வந்த பிறகு சர்க்கரை பானங்கள் வாங்குவது சுமார் 24 சதவீதம் குறைந்ததாக ஆய்வில் தெரிந்தது. மக்களுக்குத் திடீரென்று மனக்கட்டுப்பாடு வந்துவிட்டதா என்ன? பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை முன்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி போட்டார்கள். டென்மார்க் 2003-இலேயே ஆலையில் உண்டாகும், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பைக் கொழுப்பின் அளவில் 2 சதவீதத்துக்குக் கீழே கட்டுப்படுத்தியது, யாரும் தங்களுக்குப் பிடித்த பேஸ்ட்ரியை இழந்துவிடவில்லை, தயாரிப்பாளர்கள் வேறு கொழுப்புக்கு மாறிக்கொண்டார்கள்.

எல்லா ஊரிலும் முதலில் வர வேண்டியது அந்தக் கார்ட்டூன் தடைதான் என்பது என் கருத்து. நான்கு வயதுக் குழந்தைக்குச் சேர்மானப் பட்டியல் படிக்கத் தெரியாது, முயல் பொம்மை தெரியும், அதை நீட்டிக் காட்டி அழத் தெரியும். கடையில் அந்த அலமாரி எப்போதும் அதன் கண் உயரத்தில்தான் இருக்கிறது.